முருங்கைக்காய்ச் சக்கை

செவ்வாய்க்கிழமை, அடையாறு

வியாழன்தோறும் பள்ளி உணவுக்கூடத்தில் போடும் முருங்கைக்காய் சாம்பாரை நிறுத்திவிட்டார்கள். உணவு வீணாவதைக் குறைக்க அமைத்த குழுவின் முதல் முடிவு இது. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்.

ஒரு மாதமாகக் குப்பைத் தொட்டியை எடை போட்டுப் பார்த்ததில் வியாழக்கிழமைதான் கனம் அதிகம். அன்று விழுவது பிள்ளைகள் மென்று துப்பிய சக்கை, சோறு அல்ல என்று இன்றைய கூட்டத்தில் சொன்னேன். அன்று மட்டும்தான் இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். தாளாளர் சிரித்தார். "சக்கைன்னாலும் வெயிட் வெயிட்தானே மேடம்? டிரஸ்ட்ல சார்ட்டைத்தான் பாப்பாங்க." மற்றவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல்கட்டில் தேவிகாவிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. "இன்னா டீச்சர், கொய்ந்தைங்க சக்கையையும் முழுங்கணுமா? அவரு ஊட்ல எப்டி துன்றாராம்?" என்றாள். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மாலை வாசலில் மூன்றாம் வகுப்பு ஜெனிஃபர் வழிமறித்தாள். அவள் அம்மா விடியுமுன்பே விற்பதற்கு மீன் வாங்கப் போய்விடுவதால், பள்ளியில் சாப்பிடுவதுதான் அவளுக்கு அன்றைய முதல் சாப்பாடு. "மிஸ், முருங்கக்கா சாம்பார் இனிமே கெடையாதாமே? தேவிகாக்கா சொல்லிச்சு."

பார்க்கலாம் என்றேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அதற்குப் பதில் சுரைக்காய்க் கூட்டாம். சுரைக்காயில் சக்கை கிடையாது. சோற்றோடு சேர்ந்து அப்படியே தொட்டியில் விழும். அதையும் நான்தான் எடை போட வேண்டும்.