பாலத்துக்கு அப்பால் உன் பெயர்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மகள் மார்லீஸுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது சமையலறை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான், அப்பா, உன் தங்கை லேயா, பக்கத்து வீட்டு க்ரைனா அத்தை, ஆக நான்கு பேர். இப்படிப் பேர்சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. நான் எழுதப்போவது உன் பெயரைப் பற்றியது, அது இங்கே யார் யாருக்குத் தெரியும் என்று முதலில் உனக்குத் தெரியவேண்டும், இந்த நான்கு பேரைத் தவிர ஊரில் வேறு யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. மற்றபடி தேவ கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஈரக்காற்றில் முழங்கால் வலிக்கிறது, வெங்காயக் கிடங்கின் ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. வெங்காய விலை போன வருஷத்துக்குப் பரவாயில்லை, வீட்டுச் செலவில் இந்த மாதம் கொஞ்சம் மிஞ்சியது, அதில் உனக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறேன். நியூசிலாந்தில் உங்களுக்கு இப்போது குளிர் தொடங்கியிருக்குமே, விடியற்காலையில் பால் கறக்கப் போகும்போது தலையை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அந்தப் பண்ணைக்காரர் உன்னைக் காரில் கூட்டிப்போகிறாரா, அதைப் பற்றிப் போன கடிதத்தில் நீ ஒன்றும் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறைச் சுவரில் தொங்கும் நம் பிறந்தநாள் நாட்காட்டியில் உன் நாள் வந்த அன்று, நீ இல்லாவிட்டாலும் கேக் வாங்கினேன். அன்றைக்கே தபாலில் உன் பெயருக்கு ஒரு அட்டை வந்தது. அப்பா வழக்கம்போல மதியச் சாப்பாடு முடிந்து வேதம் வாசித்த பிறகு தபாலைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கப் படித்தார். பாலத்துக்கு அப்பால் நகரத்தில் இருக்கிறதே ஒரு டிஸ்கோ, அங்கிருந்து. பிறந்தநாள் வாழ்த்துகள் மார்லீஸ், மூன்று தோழிகளோடு வந்தால் முதல் கோப்பை எங்கள் செலவு, போன சனிக்கிழமை உன்னைக் காணோமே என்று எழுதியிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போன சனிக்கிழமை காணோமாம், நாம ரெண்டு வருஷமாக் காணாம உக்காந்திருக்கோம், நமக்கு எவனாவது ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தானா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். லேயா மட்டும் சிரிக்கவில்லை, தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது.

பாத்திரம் துடைக்கும்போது கேட்டேன். உடனே சொல்லிவிட்டாள், அவளுக்கு மறைத்துப் பழக்கமில்லை, பழகுவதற்குள் மாட்டிக்கொண்டாள். நீ பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடையாள அட்டையை அலமாரியில் விட்டுப் போனாயே, அதை எடுத்திருக்கிறாள். அங்கே பதினெட்டு ஆகாதவர்களை விடமாட்டார்கள், உங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. வாசலில் ஒரு இயந்திரம் அட்டையை விழுங்கிப் பெயர், பிறந்த தேதி, படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறதாம். அதற்குமேல் உறுப்பினர் அட்டை தருகிறோம் என்று போன் நம்பரும் முகவரியும் கேட்டிருக்கிறார்கள். பெயரில் பொய் சொன்னவளுக்கு முகவரியில் பொய் சொல்ல வாய் வரவில்லை, நம் வீட்டு முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறாள். சர்ச்சுக்குப் போடும் பாவாடையோடு கிளம்பி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஜீன்ஸ் மாற்றிக்கொண்டு சைக்கிளில் பாலம் தாண்டிப் போயிருக்கிறாள். டான்ஸ் மட்டும்தாம்மா, கோலாதான் குடிச்சேன் என்றாள். அதை நம்புகிறேன். ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை, அதுவும் உண்மை.

ஆனால் இதோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் உனக்கு எழுதிக் கலங்கடிக்க மாட்டேன். அந்த வாசலில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற காவல்காரன் ஒருவன், ஜோயி என்று பெயர், முப்பது வயதாவது இருக்குமாம், அவன் இவள் நம்பரை அதிலிருந்து எடுத்துச் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறான். இவள் அவனுக்கு நம்பர் கொடுக்கவேயில்லை. மார்லீஸ், அந்தப் பச்சைச் சட்டை உனக்கு நல்லா இருந்துச்சு என்று முதலில் வந்திருக்கிறது. பிறகு, பதில் போட மாட்டியா, நீ இருக்கிற தெரு எனக்குத் தெரியும் என்று. இவள் பயந்து அங்கே போவதையே நிறுத்திவிட்டாள், அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காணவில்லை. அடுத்த ஞாயிறு, காலை ஆராதனை முடிந்து நாங்கள் காபிக்கு உட்கார்ந்த நேரம், வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அப்பா கறுப்புக் கோட்டோடு கதவைத் திறந்தார். மார்லீஸ் இருக்காளா என்று கேட்டான். அப்பா, அவ நியூசிலாந்துல மாடு கறக்கிறா, தம்பி யாரு என்றார். அவன் சிரித்துக்கொண்டே, போன மாசம் எங்க வாசல்லதான பார்த்தேன், ரொம்ப வேகமா கறந்துட்டு வந்துடுறா போல என்றான். அப்பா கதவைச் சாத்திவிட்டார். கார் போகவில்லை. என்ஜினை ஓடவிட்டபடி அங்கேயே நின்றது.

நான் எழுந்துபோய் முன்னறைத் திரையை இழுத்து மூடினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. சாவு விழுந்த வீட்டில்தான் நம் ஊரில் பகலில் திரை மூடுவார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை. கால் மணி நேரம் ஆகவில்லை, பின்வாசலில் க்ரைனா அத்தை கறுப்புச் சால்வையும் கையில் ஒரு பானை பட்டாணி சூப்புமாக நிற்கிறார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும்மா போனது, உன் புருஷன் அட்ரியானா, காலைல ஆராதனையில பெப்பர்மிண்ட் சப்பிக்கிட்டு நல்லாத்தான இருந்தாரு என்று அழத் தொடங்கிவிட்டார். அப்பா என் பின்னாலிருந்து, நான் இன்னும் போகலை அத்தை என்றார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்ப சூப்பைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகவா என்றார். நான் அந்த வாரத்தில் சிரித்தது அப்போதுதான், சிரித்தது அழுகையாக மாறிவிட்டது. அத்தை உட்கார்ந்துவிட்டார், காரணம் தெரியாமல் எழுந்திருக்க மாட்டார் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பொய் வராது. அதனால் லேயாவை அழைத்து, அவள் அட்டையை எடுத்தது முதல் அத்தனையும் அங்கேயே எல்லோர் முன்னும் சொல்லவைத்தார், அப்பாவுக்கே அப்போதுதான் முழுவதும் தெரிந்தது. அத்தை திட்டவில்லை. என் காலத்துல ஒரு பொண்ணு வீட்டைக் கண்டுபிடிக்கணும்னா அவன் ஊரெல்லாம் விசாரிக்கணும், அதுக்குள்ள ஊருக்கே அவன் யாரு, யாரு மகன்னு தெரிஞ்சுபோகும், இப்ப அவனுக்கு நம்மளத் தெரியுது, நமக்கு அவனத் தெரியலையேடி என்றார். பிறகு சால்வையைக் கட்டிக்கொண்டு நேராகப் போய் அந்தக் கார் கண்ணாடியைத் தட்டி, தம்பி வழி தெரியாம நிக்கிறியா, நான் சொல்லட்டுமா என்றார். போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து அந்த டிஸ்கோவுக்குப் போனேன். உன் அம்மா அங்கே நின்றதை நீ மனதில் கற்பனை பண்ணிப் பார்க்க வேண்டாம். மத்தியானம், மழை, தரை துடைக்கும் பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். மேலாளரைப் பார்க்கணும் என்றேன். கார்டை மிஷின்ல வைங்கம்மா, யார் உள்ள வந்தாலும் வைக்கணும், பீப்பாய் இறக்க வர்றவனே வைக்கிறான் என்றாள். நான் ஆட வரலையே என்றேன். அது மிஷினுக்குத் தெரியாதே என்றாள். என் அட்டையை நான் கொடுக்கவில்லை. பீப்பாய்கள் அடுக்கிய இடத்தில் கூரைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன், கடைசியில் அவரே வெளியே வந்தார். ரிக் என்று பெயர், உன் வயதுதான், மரியாதையான பிள்ளை, எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு பையன் முகத்தில் எவனோ கண்ணாடிக் கோப்பையால் கிழித்துவிட்டானாம், இந்த இயந்திரத்தால்தான் அவனைப் பிடித்தார்களாம். அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருப்பாள். கண்ணாடியால கிழிச்சவனைப் பிடிக்க வாங்கின விவரத்துல இருந்து பிறந்தநாள் வாழ்த்து எப்படி வருது என்று மட்டும் கேட்டேன். அது விளம்பரப் பிரிவும்மா, உறுப்பினர் படிவத்துல கீழே சம்மதம்னு டிக் பண்ணியிருக்காங்களே என்றார். ஜோயி அனுப்பியவற்றில் இரண்டை ஒரு தாளில் எழுதிப் போயிருந்தேன், காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவனுக்கு நம்பரைப் பார்க்கவே அனுமதி கிடையாது, நான் பேசிக்கிறேன் என்றார்.

உன் பெயரை அழிக்கச் சொன்னேன். அதற்கு அவர், நீங்க கேட்டா முடியாதும்மா, மார்லீஸே கையெழுத்துப் போட்டு பாஸ்போர்ட் நகலோட எழுதணும், வேற யார் கேட்டும் நாங்க தொடக்கூடாது, அதுதான் தனியுரிமை என்றார். உங்ககிட்ட இருக்கிறதை அழிக்க, உங்ககிட்ட இல்லாததையும் கொடுக்கணுமா என்றேன். சட்டம் அப்படி என்றார். நூலகத்தில் எடுத்துப் படித்த தனியுரிமைக் கையேட்டில் இருக்கிறது, நகலில் பாஸ்போர்ட் எண்ணையும் படத்தையும் கறுப்பு மையால் மறைத்து அனுப்பலாம், அதை மறக்காதே. கிளம்பும்போது பொதுவாகக் கேட்பதுபோல, ஒருத்தி அட்டையை இன்னொருத்தி கொண்டுவந்தா என்ன செய்வீங்க என்றேன். போலீஸ்ல சொல்லியே ஆகணும்மா, இல்லைன்னா எங்க உரிமம் போயிடும் என்றார். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் குடித்து முடித்தேன். ஜூன் மாதத்திலிருந்து அந்த விவரங்களை நகரத்திலுள்ள எல்லாக் குடிக்கூடங்களும் பகிர்ந்துகொள்ளப் போகின்றனவாம், அதற்குமுன் எழுதிவிட்டால் நல்லது என்று அவரே சொன்னார்.

அன்று சாயங்காலமே ஜோயியிடமிருந்து லேயாவுக்குச் செய்தி வந்தது. அம்மாவ அனுப்பிட்டியே மார்லீஸ், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன், சைக்கிள் பின்விளக்கு எரியல, பார்த்துப் போ என்று. விளக்கு எரியவில்லை என்பது உண்மைதான், அப்பா போய்ப் பார்த்தார். அன்றிலிருந்து அப்பா வெங்காய லாரியில்தான் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார். வாடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை முனகுவதில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நான் துணி மடிக்கும்போதும் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தாலும் காது வாசலில் இருக்கிறது.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். நீளமானது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நீ அங்கே ஒருநாளும் போனதில்லை, உன் அட்டையைக் கொண்டுபோனது தங்கை, வாசல் காவல்காரன் உன் பெயரில் இருந்த விவரத்தை எடுத்து அவளைத் தொந்தரவு செய்கிறான் என்று எல்லாம் அதில் இருக்கிறது, அதில் ஒரு நகல் போலீசுக்கும் போகும். அப்படிப் போனால் செப்டம்பரில் லேயா செவிலியர் படிப்பில் சேர நன்னடத்தைச் சான்று கிடைக்குமோ கிடைக்காதோ, யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷம் போனா போகட்டும், அந்த ஆளு நாளைக்கு வேற வீட்டு வாசல்ல நிப்பான், அந்த வீட்டுக்கு இப்படி ஒரு அத்தை இருக்க மாட்டாங்க என்கிறார் அப்பா. சின்னத் தாள் நான் எழுதியது. என் விவரங்களை அழித்துவிடுங்கள் என்று ஒரே வரி, அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அவள் படிப்பும் பிழைக்கும், உன் பெயரும் அங்கிருந்து அழிந்துவிடும். அவன் மட்டும் அங்கேயே நிற்பான். அந்தத் தாள் இருப்பது அப்பாவுக்குத் தெரியும், எழுதாதே என்று அவர் சொல்லவில்லை.

இரண்டையும் லேயாவிடம் காட்டினேன், அவளுக்கும் தெரியவேண்டும் அல்லவா. அக்கா பேருதானே, அக்காவே சொல்லட்டும் என்றாள். இன்று காலை உறையில் போட எடுத்தபோது நீளத் தாளின் அடியில் அவள் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. அட்டையை எடுத்தது லேயாவாகிய நான், அக்காவுக்கு இது தெரியாது, என் வயது பதினேழு என்று. யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்பா அதைப் படித்துவிட்டு, வேலை இருக்கு என்று கிடங்குக்குப் போனார், இன்று கிடங்கில் ஒரு வேலையும் இல்லை. அப்படியிருந்தும் சின்னத் தாளை என்னால் கிழிக்க முடியவில்லை மார்லீஸ். அவளுக்கும் நான்தான் தாய். அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். கையெழுத்து உன்னுடையது, நீ எதில் போட்டாலும் நானோ அப்பாவோ உன்னை ஒரு சொல் கேட்கமாட்டோம். கையெழுத்திடாத தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

போனில் இதைப் பேசவேண்டாம். அங்கேயும் எந்தக் கடையில் விவரம் கேட்டாலும், எதற்கு என்று ஒரு தடவை திருப்பிக் கேள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் லேயாவும் உனக்கு முத்தம் அனுப்புகிறார்கள், க்ரைனா அத்தை நீ மெலிந்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னார்.

உனக்காக ஒவ்வொரு வேளையும் ஜெபிக்கும் உன் அம்மா,
மாட்யே

மே மாதம் முடிவதற்குள் தபால் இங்கே வந்து சேரவேண்டும். சீக்கிரம் பதில் எழுது.