அக்கா ஏற வேண்டிய நாலு மாடி

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன், இந்தப் பக்கத்து ஃப்ரிட்ஜுகளுக்கெல்லாம் ஒரே வைத்தியன், எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், என் வண்டியின் பிரேக் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் குடியிருக்கும் பெரிய மனிதரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதத்தை வீணாக்குகிறார் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. காரணம் இருக்கிறது. "பாப்பாகிட்ட போன்ல இதப் பத்தி மூச்சு விட்டே, அப்புறம் எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்குவேன்" என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்குச் சட்டம் தெரியும். என் வாடிக்கையாளரான ஓட்டல் சமையல்காரர் நாளைக்கு உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார். செத்துக் கிடந்த அவருடைய பெரிய ஃப்ரிட்ஜை நான் தொட்டு உயிர்ப்பித்தவன். அந்த நன்றிக்கு இதை உன் கையிலேயே கொடுப்பார்.

முதலில் நல்ல சேதி. தொழில் அமோகம். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது தேறாது, புதிது வாங்குங்கள் என்று கைவிரித்த ஃப்ரிட்ஜை, நான் கதவில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற கம்பெனி ஆள், "அண்ணே, நீங்க எங்க இருக்க வேண்டிய ஆளு" என்று கையைப் பிடித்துக்கொண்டான். உன் அத்தையைக் கேட்டால் அவன் கையைப் பிடித்தது ஸ்பேனரைத் திருப்பி வாங்கத்தான் என்பாள். அவளுக்கு என் பெருமை என்றால் வேப்பங்காய். இரண்டு கதவு ஃப்ரிட்ஜை முதுகில் கட்டி ஏழாவது மாடிக்கு ஒற்றை ஆளாகத் தூக்கிப்போன கதையையே அவள் இன்னும் நம்பவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இனி உன் அம்மா சேதி. அவள் இளைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் முகத்தை மட்டும் காட்டுகிறாள் அல்லவா, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உன்னிடம் பேசுகிறாள். தையல்காரிக்குத் தன் துணியைச் சிறிதாக்கிக்கொள்வது ஒரு வேலையா? பக்கத் தையலைப் பிரிப்பதும் உள்ளே தள்ளித் தைப்பதுமாக இருக்கிறாள். தைத்த கையோடு அளவு டேப்பை இடுப்பில் சுற்றி, "பாத்தியாடா" என்று என்னிடம் காட்டுவாள். நானும், "அக்கா, இப்படியே போனா உன்னைப் பொண்ணு பாக்க வந்துடுவாங்க" என்பேன். சிரிப்பாள். சிரித்துவிட்டு மிஷின்மேல் கையை ஊன்றிக்கொள்வாள்.

இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? நீ உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன அன்று எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று படிக்கட்டைக் காட்டினாய். "அம்மா, நீ மூச்சு வாங்கி ஏறி வர்றதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிடும்" என்று விளையாட்டாகச் சொன்னாய். எல்லோரும் சிரித்தோம். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தவள் உன் அம்மா. மறுவாரமே முட்டிவலி டாக்டரிடம் போய், எடையைக் குறைக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறாள்.

அவர் நல்ல மனிதர். ரத்தமெல்லாம் பரிசோதித்துவிட்டு, வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் பேனா மாதிரி ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். முதலில் துளியூண்டு அளவு, உடம்பு பழகியபின் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், இடையில் வந்து காட்ட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். இவளுக்கோ வெட்கம். கடைக்கு வரும் பெண்கள், "டெய்லர் ஊசி போட்டு இளைக்கிறாங்களாம்" என்று சிரிப்பார்களாம். உன் அத்தை வேறு போகும்போதும் வரும்போதும் அவள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறப்பவள். அதனால் ஊசியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டாள்.

ஃப்ரீசரில் வைத்த மருந்து என்ன ஆகும்? செத்துப்போகும். அது தெரியாமல் வாராவாரம் கையில் வைத்து இளக்கி, செத்த மருந்தையே குத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எடை அசையவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே? மாட்டாள். தனக்கு இந்த அளவு போதவில்லை என்று தானே முடிவு கட்டி, எடுத்த எடுப்பில் பெரிய அளவு கேட்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று திருப்பியனுப்பிவிட்டார். அப்புறம் போனில் விளம்பரம் போட்டு விற்கிற எவனிடமோ வாங்கிவிட்டாள்.

அந்த டப்பாவைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறாய்? ஐஸ் கட்டிப்போச்சு வந்து பார் என்று கூப்பிட்டாள், போனேன். ஐஸை உடைத்தேன், டப்பா கிடைத்தது. திறந்து பார்த்து ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டேன். பெரிய அளவு பேனா அன்று காலைதான் வந்து மேசைமேல் கிடந்தது, கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "அக்கா, உறைஞ்ச மருந்தும் உப்பில்லாத கண்ணீரும் ஒண்ணு. இந்தப் புதுசக் கீழ்த்தட்டுல வை, அப்புறம் பாரு வேலையை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நம் குடும்பத்தில் யாரும் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. அந்தச் சத்தியமும் அன்றுதான் வாங்கினாள்.

நான் சொன்னபடி கீழ்த்தட்டில் வைத்தாள். மருந்து வேலை செய்தது. நன்றாகவே செய்தது. சோறு பிடிக்கவில்லை என்கிறாள், வாசனை பட்டாலே குமட்டுகிறது என்கிறாள். குடித்த தண்ணீர்கூட சில நாள் நிற்பதில்லை. இதெல்லாம் மருந்து பிடிப்பதற்கு அடையாளம் என்று விற்றவன் சொன்னானாம். இரு, மிட்டாய்க்கடைக்காரர் கூப்பிடுகிறார், பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

பாப்பா, கூப்பிட்டது மிட்டாய்க்கடைக்காரர் ஃப்ரிட்ஜுக்காக அல்ல. அவர் கடைக்கு எதிரில்தானே உன் அம்மா கடை? மிஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாளாம். நான் போனபோது தரையில் துணிக்குவியல்மேல் படுக்கவைத்திருந்தார்கள். கையில் பாதி தைத்த ஒரு குட்டிச் சட்டை. யாருக்கென்று உனக்கே தெரியும்.

பயப்படாதே, இந்த வரியை மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. இப்போது கண் திறந்து பேசுகிறாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் திணறுகிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மருந்தின்மேல் குற்றமில்லை, ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் என்றார். நான் நடந்ததையெல்லாம் சொன்னதும், இவள் உடம்பு அந்தச் சின்ன அளவையே பார்த்ததில்லை, அதற்குப் பெரிய அளவை ஒரே அடியாகக் கொடுத்தால் எப்படித் தாங்கும் என்று கேட்டார். புது கம்ப்ரசரை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டினால் கருகிப்போகிற மாதிரியா என்றேன். கிட்டத்தட்ட என்றார். அப்புறம், ஃப்ரீசரில் இருந்ததைப் பார்த்த அன்றைக்கே ஒரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா என்றார்.

ஊசியை நிறுத்திவிட வேண்டும், உடம்பு தேறியபின் வேண்டுமானால் எங்கள் கண்முன் மறுபடி அடியிலிருந்து தொடங்கலாம் என்று உன் அம்மாவிடமும் சொன்னார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "சரிங்க டாக்டர், சரிங்க" என்று தலையாட்டினாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்து இழுத்து, "டேய், வீட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு பை இருக்கு, எடுத்துட்டு வா. நாளைக்கு ஊசி நாள்" என்கிறாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, பாப்பா.

நான் அந்தப் பையை எடுத்துக் குப்பையில் போடாமல் டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டேன். தெரிந்ததும் அவள் கோபப்படக்கூட இல்லை. "நீ ஒண்ணக் குடுத்தா நான் இன்னொண்ணு வாங்கிக்கிறேன். அந்தாளு நம்பர் எனக்கு மனப்பாடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உன் அத்தை அழுதுபார்த்தாள். நான் மிரட்டிப்பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதையெல்லாம் சொல்லிப்பார்த்தேன், ஏழாவது மாடியை ஒன்பதாவது ஆக்கிக்கூடச் சொன்னேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "ஒன்பது மாடியா? பாப்பா வீடு நாலுதான்டா. ஏறிடுவேன்ல?" என்று கேட்டாள். அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பகலெல்லாம் நான் தொழிலுக்குப் போக வேண்டும். அவள் வாசலில் எத்தனை நேரம் காவல் இருப்பேன்? எதைப் பூட்டுவேன்? பூட்டின ஃப்ரிட்ஜைத் திறக்கிற வித்தை எனக்குத் தெரியும், வாயைப் பூட்டிக்கொண்டவளைத் திறக்க எனக்குத் தெரியவில்லை.

அவள் கேட்கிற குரல் உன் குரல் ஒன்றுதான். சத்தியத்தை மீறி நானே போன் செய்தால் என்னையும் கிட்டச் சேர்க்கமாட்டாள், அதனால்தான் இப்போதும் கடிதம். அவளைத் திட்டாதே, பாப்பா. திட்டினால் மறுபடி எங்காவது ஒளித்துவைத்துப் போட்டுக்கொள்வாள். நீ அன்று சொன்னதை நினைத்து அழவும் அழாதே, அது விளையாட்டுப் பேச்சு, அவளும் அதைக் குற்றமாக ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிட்டு, "அம்மா, நீ எப்படி இருக்கியோ அப்படியே வா" என்று மட்டும் சொல். சால்வையை இறக்கச் சொல்லிப் பார். பார்த்துவிட்டு மறுபடி அதையே சொல். படியை நான் பார்த்துக்கொள்கிறேன், நானும் கூட வருகிறேன், மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து உட்காரவைத்து ஏற்றிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் அத்தையிடம் சொல்லாதே. அந்த ஃப்ரிட்ஜை நான் தூக்கிப்போனது இரண்டாவது மாடிக்குத்தான். கீழே இரண்டு பேர் பிடித்தார்கள். ஆனால் இன்று கடையிலிருந்து மிட்டாய்க்கடைக்காரர் கார்வரைக்கும் உன் அம்மாவை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போனேன். தெருவே பார்த்தது, சாட்சி இருக்கிறது. எனக்கு மூச்சே வாங்கவில்லை, பாப்பா.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்த உடனே, கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடு.

உன் பதிலுக்காக அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் மாமா