பூஜையில் வைத்த கயிறு

மாமா,

நேற்று அடையாறில் என் மகள் வீட்டுக்கு ஏ.சி. கழுவ ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். அலுமினிய ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்து, பால்கனியில் இறக்கினார். புது ஏணி. இறக்கியதுமே ரப்பர் வாசனை அடித்தது. வெயிலில் காய்ந்த சைக்கிள் டயரின் வாசனைதான் அது. அந்த வாசனையோடு உங்கள் முகமும் வந்து நின்றது. நீங்கள் செத்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் என் மகள் வீடு வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

அந்த ஏணியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலுக்குக் கீழே பல் பல்லாக ரப்பர். பால்கனித் தரை தண்ணீர் போகிற பக்கம் சரிவாக இருக்கும். அதற்காக ஏணியின் ஒரு காலை மட்டும் திருகி நீட்டிக்கொண்டார். தலைப்பக்கம் ஒரு நீளக் கம்பி, இரண்டு கையையும் விரித்த மாதிரி, ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரில் போய் ஊன்றியது. போதாததற்கு ஒரு பட்டை. அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டி இறுக்கினார். பிறகு ஏணியை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அப்புறம்தான் முதல் படியில் கால் வைத்தார்.

நான் என்னை அறியாமல் எழுந்து போய் ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“பாட்டிம்மா, நீ போய் குந்து. இத புடிக்க ஆளே வாணாம்” என்றார்.

“பழக்கம்பா.”

“நீ புடிச்சா எனக்குத்தான் பயமா கீது. நீ வுழுந்துட்டா உன் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் வந்து உட்கார்ந்தேன். ஆனால் அவர் கீழே இறங்குகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. ஆளே வேண்டாமாம். அன்றைக்கு இந்த மாதிரி ஒன்று இருந்திருந்தால், பழி போட உங்களுக்கும் ஆள் கிடைத்திருக்காது.

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே பாதி சொன்னேன். மீதிப் பாதியும் வெளியே வரட்டும் என்றுதான் இது.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி வரைக்கும் வெள்ளையடிக்கிற மேஸ்திரிகளில் உங்களைப் போல ஏணியைப் பார்த்துக்கொண்டவர் கிடையாது. மூங்கில் ஏணியின் இரண்டு காலுக்கும் பழைய டயரை வெட்டி ஆணி அடித்து வைப்பீர்கள். அதற்குச் செருப்பு என்று பேர் வைத்தீர்கள். சுவர் கீறாமல் இருக்கத் தலைப்பக்கம் சாக்குத் துணி சுற்றுவீர்கள். மேலே கம்பியோ கொக்கியோ எது கிடைத்தாலும் கயிறு போட்டுக் கட்டாமல் யாரையும் வேலை தொடங்க விடமாட்டீர்கள். “கீழ செருப்பு, மேல கயிறு, காலுக்குப் பக்கத்துல ஆளு. மூணுல ஒண்ணு கொறஞ்சா ஏறாத” என்று உங்கள் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, என் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

காலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் நான். கல்யாணமாகி வந்த வருஷமே என்னை அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். ஒரு காலை அடிப்படியில் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலிருந்து தலையில் சொட்டுகிற சுண்ணாம்பையும் டிஸ்டம்பரையும் துடைக்கக்கூடக் கை எடுக்காமல் நிற்க வேண்டும். நின்றேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் நின்றேன். “தம்பி பொண்டாட்டி புடிச்சா ஏணி செவுத்துல மொளச்ச மாதிரி நிக்குது” என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் வாயால் வந்தது, மாமா. மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

பிறகு அந்த ஆயுத பூஜை.

காலையில் மாட வீதிக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனீர்கள். நாம் அந்த வருஷம் வெள்ளையடித்துக் கொடுத்த வீட்டு மாமி உங்களை அங்கே பிடித்துக்கொண்டார். “மேஸ்திரி, வாசல்ல போட்ட சீரியல் லைட்டு அறுந்து தொங்கிண்டிருக்கு. சாயங்காலம் கொலுவுக்கு எல்லாரும் வருவா. வந்து கட்டிக் குடுத்துட்டுப் போங்கோ, நன்னா இருப்பேள்” என்றாராம். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். பெரிய வீடு, வருஷா வருஷம் வேலை வருகிற வீடு, முடியாது என்று சொல்ல வாய் வராது. அதைக் குற்றம் சொல்லவில்லை.

வந்து மதியம் பூஜைக்கு எடுத்து வைத்தீர்கள். பிரஷ், பட்டி போடுகிற தகடு, வாளி, ஏணி, ஏணிக்கயிறு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கயிற்றை நீங்களே சுருட்டி நடுவில் வைத்தீர்கள். சாயங்காலம் ஏணி ஏற வேண்டிய வேலை இருக்கிறது என்று அப்போது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்கும் தெரியாது.

பூஜை முடிந்து பொரி கொடுத்த பிறகுதான் சொன்னீர்கள். “மாமி வூட்டுல ஒரு ஏணி கீது. அத வெச்சே கட்டிட்டு வந்துரலாம்.”

அது ஒட்டடை அடிக்கிற ஏணி. அந்த வீட்டில் வேலை செய்யும்போது நான் பார்த்திருக்கிறேன். காலில் செருப்பு கிடையாது, வெறும் மூங்கில். அதனால்தான் கேட்டேன்.

“மாமா, நம்ம கயித்த மட்டுமாவது எடுத்துக்கட்டா?”

“பூஜையில வெச்சத எடுக்கறதா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? நாளைக்கு காலைல கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும். இன்னிக்கி தொட்டா அதே நம்மள காவு வாங்கிடும்.”

“கயிறுதானே மாமா.”

“பொம்பள பேசற பேச்சா இது?” என்று என்னிடம் கேட்கவில்லை, தம்பியைப் பார்த்துக் கேட்டீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

வேறு கயிறு கடையில் கிடைக்காதா என்று யாராவது கேட்கலாம். கடையெல்லாம் பூஜை போட்டு மூடியாயிற்று. மாமி வீட்டில் கொடிக் கயிறு கேட்கலாம் என்று வாய் திறந்தேன். நல்ல நாளும் அதுவுமாக அந்த வீட்டில் கயிறு கேட்டு நிற்பதா என்று அதையும் அடக்கினீர்கள். அன்றைக்கு உங்களுக்குச் சாமியும் பெரிசாக இருந்தது, மாமியும் பெரிசாக இருந்தார். ஏறப்போகிறவன் மட்டும் சின்னவனாகிவிட்டான்.

அந்த வீட்டு வாசல் சிவப்புச் சிமெண்டுத் தரை. முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைத்திருப்பார்கள். பூஜைக்காகக் கழுவி, ஈரம் முழுக்கக் காயவில்லை. அதில் வெறும் மூங்கில் காலை வைத்து அவர் ஏறினார். நான் எப்போதும் போலக் காலை அழுத்திப் பிடித்தேன். நீங்கள் வேப்பமரத்தடியில் நின்று, “இன்னும் ஒரு படி ஏறுடா, கொக்கி எட்டும்” என்றீர்கள். அவர் ஒரு படி ஏறினார்.

ஏணி சறுக்கியது. நான் இழுபட்டுப் போனேன். பிடித்த பிடியோடு என்னையும் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் அது போனது. வாசற்படியில் போய் மோதும்போது மூங்கிலுக்கும் கல்லுக்கும் நடுவில் என் வலது கை விரல் இரண்டு மாட்டி நசுங்கியது. அவர் படிக்கட்டு விளிம்பில் இடுப்பு பட விழுந்தார். அந்தச் சத்தத்தை இங்கே எழுதமாட்டேன்.

பிடியை விட்டிருந்தால் விரல் எப்படி நசுங்கும், மாமா? ஒரு குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவெல்லாம் கூடி, “நல்ல நாள்ல எதுக்கு ஏத்துன?” என்று உங்களைக் கேட்டார்கள். ஒருத்தர், “கயிறு கட்டலயா?” என்று கேட்டார். உங்கள் தொழில் பேருக்கே வந்த கேள்வி அது. நான் கையில் கட்டோடு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள். “இன்னா பண்றது, பொம்பள, பயந்துகினு கைய விட்டுட்டா.”

ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நம் பட்டினப்பாக்கத்துக் குப்பம் என்னை இத்தனை வருஷம் வாட்டியது. குழாயடியில் வாளியை நான் தூக்கினால், “பாத்து, கைய விட்டுடப்போற” என்று ஒருத்தி சொல்வாள், நாலு பேர் சிரிப்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட யாரோ ஓதிவைத்தார்கள். நான் சண்டை போட்டேன். விரலைக் காட்டினேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றாராமே, அவர் சொன்னால் பொய்யா என்றார்கள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அவருக்கு இடுப்பு கூடிவரவில்லை. ஏணி ஏறிய மனுஷன் தி. நகரில் ஒரு ஃபிளாட் வாசலில் வாட்ச்மேனாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நாலு வீட்டில் சமையலுக்குப் போனேன். ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். பிசைந்துகொண்டே, தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

“ஏம்மே, நீ நெசமாவே கைய விட்டியா?”

அவர் சுவரைப் பார்த்து ஏறியவர். கீழே நடந்தது அவருக்குத் தெரியாது. பார்த்தவர்கள் இரண்டே பேர், நானும் நீங்களும்.

“இல்லய்யா” என்றேன். விரலை நீட்டினேன். பார்த்தார். “சரி வுடு” என்றார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. சரி வுடு என்பது நம்பினேன் என்பதாகாது. அவரோடு வாழ்ந்தவள் எனக்குத் தெரியும்.

அவர் படுக்கையில் விழுந்து, இனிமேல் எழமாட்டார் என்று ஆனபோது உங்கள் வீட்டுக்கு வந்தேன். காலில் விழாத குறையாகக் கேட்டேன். “மாமா, ஒரே ஒரு வார்த்த. அவ கைய வுடலடான்னு அவரு காதுல சொல்லிடுங்க. ஊருக்குச் சொல்ல வாணாம்.”

“செத்துக்கினு இருக்கறவன்கிட்ட போய் அதையா பேசறது? பேசாம போம்மா” என்றீர்கள்.

மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நான் கதவோரம் நின்று காத்திருந்தேன். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனீர்கள். அந்த வார்த்தை வரவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

உங்கள் கருமாதிக்கு நான் வந்தது மரியாதைக்காக இல்லை. வராவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு பேசுவார்கள் என்றுதான் வந்தேன். பந்தலில் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் வேலை பார்த்த ஒருவர், “மேஸ்திரிகிட்ட ஒரு ஆளு கீழ வுழுந்தது கெடயாதுப்பா” என்றார். இன்னொருவர், “தம்பிய சேக்காத. அது அந்தம்மா கைய வுட்டதால” என்றார், நான் உட்கார்ந்திருப்பது தெரியாமல்.

நான் எழுந்து நின்றேன். “அந்தம்மா இங்கதான் கீறேன். நான் கைய வுடல. இந்த ஆளு கயிறு குடுக்கல” என்று உங்கள் படத்தைக் காட்டிச் சொன்னேன். மாலை போட்ட படத்தை இந்த ஆளு என்று சொன்னதற்குத்தான் எல்லாரும் முகம் சுளித்தார்கள். மற்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

அக்கா வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். உங்கள் பெண்டாட்டி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நீ வுடலன்னு எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே வந்து சொன்னாரு. கயித்த எடுத்துக் குடுத்திருந்தா தம்பி வுழுந்திருக்க மாட்டான், அந்தப் பொண்ணு கடைசி வரிக்கும் புடிச்சிக்கினுதான் இருந்துச்சின்னு தலையில அடிச்சிக்கினு அழுதாரு.”

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீயாவது சொல்லியிருக்கலாமே அக்கா. அவரு உசுரோட இருக்கும்போது.”

“புருஷன் பேர நானே கெடுக்கறதா?”

“இப்ப வெளிய வந்து சொல்லு.”

“இன்னிக்கா? அவரு கருமாதிலயா?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் உங்கள் வீட்டில் கை நனைக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒன்றுதான் ஓடியது. இத்தனை நாள் உங்களுக்கு அது பொய் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது, சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறும். இப்போது அதுவும் போயிற்று. எல்லாம் தெரிந்துதான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறீர்கள். பெண்டாட்டியிடம் சொல்ல வந்த வாய், தம்பியிடம் மூடிக்கொண்டது.

மகள், “பெரியப்பாதான் போயிட்டாரே, மன்னிச்சிடும்மா, மனசு லேசாவும்” என்கிறாள். அவள் படித்தவள், நல்லதுக்குத்தான் சொல்கிறாள். மன்னிக்க வேண்டியது நான் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? சந்தேகத்தோடு போனவர் அவர்.

நீங்கள் போன இடத்துக்குத்தான் அவரும் போயிருக்கிறார் என்று பந்தலில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் இந்நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றார்கள். இருந்தால் நல்லதுதான். அங்கே உங்களுக்குக் காப்பாற்ற மேஸ்திரி பேரும் இல்லை, பார்த்துச் சிரிக்க உறவும் இல்லை. சொல்லிவிடுங்கள். எனக்கும் வயதாயிற்று, ரொம்ப நாள் இல்லை. வந்ததும் அவரைத்தான் முதலில் கேட்பேன், அண்ணன் வாயைத் திறந்தாரா என்று. அதுவரைக்கும் இந்தக் கோபத்தை நான் இறக்கிவைப்பதாக இல்லை.