மூன்று என்றால் கையை எடு

மார்ச் 4
எங்கள் மயக்க மருத்துவத் துறைத் தலைவர் இன்று ஒரு பஸ் டிரைவருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போட ஐந்து முறை முயன்றிருக்கிறார். ஐந்து! தாடை வீங்கி வாயே திறக்காத ஆள். மூன்று முறை தோற்றால் கழுத்தில் கீறி மூச்சுக்கு வழி செய்யணும் என்று மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறவரே அவர்தான். "போதும் சார்" என்று சிஸ்டர் கத்தியை நீட்டியபடி நின்றாராம். "சும்மா இரும்மா, இதோ போயிரும்" என்றாராம் இவர்.

மார்ச் 6
டிரைவர் கண் திறக்கவில்லை. அத்தனை நேரம் காற்று போகாமல் மூளை அடிபட்டிருக்கிறது. "நடந்துதானே வந்தாரு டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்கிறார்.

மார்ச் 9
விசாரணை. பழி சிஸ்டர் தலையில்! "அவங்க சத்தமா சொல்லலை, எனக்குக் கேக்கலை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் தலைவர். அந்த அம்மாவுக்கு வேலையே போகும். சத்தம்தானே வேணும்? இருங்க, தர்றேன்.

மார்ச் 12
பயிற்சி வகுப்பில் புது விதி போட்டேன். ஒவ்வொரு முறை தோற்றதும் சிஸ்டர் உரக்க எண்ணுவார். மூன்று என்றால் எந்தக் கொம்பனும் கையை எடுக்கணும். பொம்மையை வைத்துப் பழகினோம். "என்ன, ஏலம் விடுறீங்களா?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி ஒண்ணிலிருந்து எண்ணச் சொன்னேன்.

மார்ச் 20
டிரைவர் போய்விட்டார். பாவி மனுஷா, மூணோட நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2
இன்று எனக்கே வந்தது. நாக்கின் அடியில் சீழ் கட்டிய ஒரு பெண். மயக்கம் கொடுத்தாயிற்று, ட்யூப் போகவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று ஏறவில்லை. "ஒண்ணு" என்றார் அதே சிஸ்டர். "ரெண்டு." மூன்றாவதில் வழி தெரிந்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை...

"மூணு. கையை எடுங்க மேடம்."

"சும்மா இரும்மா, இதோ போயிரும்!"

என் வாயா அது? சீ!

சிஸ்டர் அசையவில்லை. "மூணு ஆச்சு!" அறையே திரும்பிப் பார்த்தது. கத்தியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கீறினேன். நீலம் பாய்ந்திருந்த உதடு மெல்ல மெல்லச் சிவந்தது. ஒரு மாதமாக யார்மேல் இத்தனை கோபம் எனக்கு?

ஏப்ரல் 5
கழுத்தில் ட்யூப் இருப்பதால் பேச முடியாத அந்தப் பெண், சீப்பு வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

விசாரணைக் குழுவுக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். நானும் "சும்மா இரும்மா" என்றுதான் சொன்னேன். சிஸ்டர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. தலைவருக்கும் கேட்டிருக்கும்.