நம்ம ஆபீஸில் சரியாகத் தெரிகிறது

மார்ச் 3

ப்ராக்ஸியில் ஓட்டை இருக்கிறது என்று இன்றும் போய்ச் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரி இணையப் பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் அதை நீட்டுகிற மென்பொருள் அது. எவனாவது ஏமாற்றி ஒரு போலிப் பிரதியை உள்ளே நுழைத்துவிட்டால் எல்லோருக்கும் போலிதான் போகும். தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிற மாதிரி. ஓட்டையை அடைக்கிற திருத்தம் வந்து கிடக்கிறது. போடுகிற நேரம் மட்டும் பக்கம் நிற்கும்.

"அப்புறம் பாக்கலாம்மா" என்றார் எங்கள் கணினிப் பிரிவுத் தலைவர். சும்மாவா அவருக்கு அப்புறம் சார் என்று பெயர்.

மார்ச் 6

தங்கை அழுதுகொண்டே வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுப்பவள் அவள். ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்தினாராம். அப்பாவுக்கு நெஞ்சுவலி, அடித்து அடித்துப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு வண்டியில் தூக்கிப் போட்டு வந்தேன் என்று. பெரியவர் பிழைத்துக்கொண்டார். இவள் வேலை பிழைக்குமா தெரியவில்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்.

"சத்தியமா ஃபோன் அடிக்கவே இல்லக்கா. நான் அந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல."

எனக்கு அந்த ப்ராக்ஸி ஓட்டை ஞாபகம் வந்தது. செல்ஃபோனில் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்தேன். ஆம்புலன்ஸுக்கு நேரே இருந்தது எங்கள் எண் இல்லை.

மார்ச் 7

அப்புறம் சார் தன் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். "நம்ம ஆபீஸ்ல சரியாத்தானே தெரியுது? தங்கச்சியக் காப்பாத்தக் கதை கட்டாதம்மா."

அட பாவி மனுஷா! ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுவும் ப்ராக்ஸி வழியாப் போறதே இல்லையே, நேரா அசலுக்குத்தானே போகுது? அப்படி அமைச்சது யாரு, நீங்கதானே? உள்ளே உட்கார்ந்து எல்லோரும் சரி பார்க்கிறோம். வெளியேதான் ஒருத்தருக்கு நெஞ்சு வலிக்கிறது.

என் செல்ஃபோனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இதுல இருக்கற நம்பருக்கு நீங்களே அடிங்க சார்."

அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை, அடிக்காத ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் செல்ஃபோனை மெதுவாக மேஜையில் வைத்தார்.

நன்றாகத் திட்டினேன்.

மார்ச் 8

திருத்தம் போட்டாயிற்று. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பழைய பிரதிகளையெல்லாம் அழித்தேன்.

சுற்றறிக்கை வந்தது: "நிர்வாகத்தின் துரித நடவடிக்கையால்..." துரிதமாம்! நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். அவளிடம் ஒரு மன்னிப்பு? மூச்.

மார்ச் 10

தங்கைக்குத் தொண்டை கட்டிவிட்டது. வந்ததும் சைகையில் வெந்நீர் கேட்டாள். குடித்துவிட்டுக் கரகரத்த குரலில் சொன்னாள்.

"இன்னிக்கு ஃபோன் ஓயவே இல்லக்கா."