காற்றில்லாத ஊரில் அடித்த கோல்

மாப்ள,

பழைய மாணவர் மலர் இன்று காலை தபாலில் வந்தது. அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. நம் கால்பந்து அணி கோப்பை வென்ற வருடத்துக்கு அதில் ஒரே ஒரு வரிதான்: "பள்ளத்தாக்கின் காற்று கைகொடுக்க, சாம்பியன் ஆன அணி." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்து நாற்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் உன் கோலைக் காற்றின் பேருக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

காற்று அடித்தது, யார் இல்லை என்றார்கள்? ஆடி மாதம் நம் மைதானத்தில் உயர அடித்த பந்து நினைத்த இடத்துக்குப் போகாது. கோல் கம்பத்துக்கு இரண்டு முழம் வெளியே குறி வைத்து அடிக்கப் பழகியிருந்தோம். லீக் ஆட்டத்தில் இங்கே வந்து தோற்ற மதுரை அணி, "காத்து உங்களுக்காக ஆடிருச்சு" என்று கேலி பேசிவிட்டு பஸ் ஏறியது. "பாதியில நாங்களுந்தானய்யா பக்கம் மாறுனோம்?" என்று ஜன்னலைத் தட்டிக் கேட்டவன் நீ. 

இறுதி ஆட்டம் மதுரையில், அதே அணியோடு. அன்று ஒரு இலைகூட அசையவில்லை. அங்கேயும் ஜெயித்தால்தான் நாம் ஜெயித்தவர்கள். முதல் பாதியில் ஒரு பெனால்டி கிடைத்தது, நீ அடித்தாய். பழக்கதோஷம், கால் தானாகவே இரண்டு முழம் தள்ளிக் குறி வைத்தது. பந்து வெளியே போனது. "காத்து வரலையா தம்பி?" என்று மைதானமே சிரித்தது.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் இன்னொரு பெனால்டி. அதுவரை யாருக்கும் கோல் இல்லை. நீ பந்தை எடுத்துக்கொண்டு நடந்தாய். கேப்டனான நான் ஓடி வந்து அதைப் பிடித்தேன்.

"குடுலே, நான் அடிக்கிறேன். கோச் சாரும் அதத்தான் சொன்னாக."

"சொன்னாச் சொல்லிட்டுப் போறாக. விட்டவன் நானு, நானே அடிக்கிறேன். தள்ளு ராவுத்தரே!"

அடித்தாய். கம்பத்தை ஒட்டி, உள்பக்கமாக, வலைக்குள். அங்கே எந்தக் காற்று வந்து கைகொடுத்தது?

மலரைத் தயாரித்தவருக்கு உடனே போன் போட்டேன். "ஒரு அழகுக்கு எழுதுனதுங்கய்யா" என்றார். அழகு வேண்டாம், அடுத்த மலரிலாவது நடந்ததைப் போடுங்கள் என்று ஆட்டத்தை முழுக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டே அவர் கேட்டார்: "அந்த ரெண்டாவது பெனால்டிய, நீங்கதான் நம்பி அவர் கையில குடுத்தீகளாம்ல? அதையும் சேத்துக்கிறேன்."

அந்தக் கதையைக் கட்டியவனே நான்தான். கல்யாண வீடுகளில், டீக்கடையில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நீ பக்கத்திலேயே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பாய், ஒரு தடவைகூட மறுத்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்ள. நீ பேசாமல் இருந்து காப்பாற்றிய அந்த மானத்தைத்தான் நான் இன்னும் சுமந்து திரிகிறேன்.

"இல்ல," என்றேன் போனில். "நான் பிடுங்கப் பாத்தேன். அவன் விடல. அப்படியே போடுங்க."