பேனரில் உனக்கு மெட்டி வரைந்தார்கள்

சண்டைக்காரி, ஓட்டக்காரி, என் செல்ல ராணி அக்கா,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடினேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று பேசி வைத்திருந்த அதே போட்டிதான். எத்தனையாவது வந்தேன் என்று இப்போதே கேட்காதே, வரிசையாகத்தான் சொல்வேன். நீ இருந்தால் "இழுக்காம சொல்லுடி" என்று தொடையில் கிள்ளியிருப்பாய். இப்போது கிள்ள முடியாதே, என்ன செய்வாய்?

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலில் வாழ்ந்த ஓரகத்திகள் நாம். அடித்துக்கொண்டு கிடப்போம் என்று ஊர் எதிர்பார்த்தது. நாம் என்னடா என்றால் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தோம். அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

எல்லாம் உன்னால் வந்தது. நாலு வருஷம் முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உனக்கு பிரஷர் என்று சொல்லி, மாத்திரையும் கொடுத்து, காலையில் நடக்கவும் சொன்னார்கள். தனியாக நடக்க வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பனமலை ஏரிக்கரையில் ஒரு மாதம் நடந்தோம். திடீரென்று ஒரு நாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ ஓட ஆரம்பித்துவிட்டாய். நம் தெருவில் பெண்கள் ஓடுவது வேலைக்கு லேட்டான நாளில் மட்டும்தான்.

"இன்னாம்மா, ரெண்டு மருமவளுங்களும் பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்று மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்.

"நாங்க எங்க உட்டோம்? அதுதான் எங்கள உட்டுட்டுப் போச்சு. புடிக்காம உட மாட்டோம்!" என்று நீ ஓடிக்கொண்டே திருப்பிக் கொடுத்தாய்.

அப்போது உனக்கு நாற்பத்தைந்து, எனக்கு நாற்பத்துமூன்று. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷமாகச் சோறு வடிக்கிறவள் நான். இந்த உடம்பு அடுப்படியில் நிற்பதற்கும் துணி துவைப்பதற்கும் கொடுத்த சாமான், இனிமேல் தேய்வதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஏரியை முதல்முதலாக நிற்காமல் சுற்றி வந்த அன்று, மூச்சு வாங்கிக்கொண்டு குந்தினேன் பார், அன்றைக்குத்தான் இது என் கால் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பது தாண்டிய பிறகு ஒருத்தி புதிதாக ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்று யார் நமக்குச் சொல்லியிருந்தார்கள்?

எனக்கும் நாற்பத்தைந்து ஆன வருஷம் விழுப்புரத்தில் நம் முதல் போட்டி. ஆளுக்கொரு கேன்வாஸ் ஷூ வாங்கினோம். மெட்டியோடு அதற்குள் காலை நுழைத்து ஓடியதில் இரண்டு பேருக்கும் விரல் தோல் உரிந்து சாக்ஸெல்லாம் ரத்தம். குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய், "இத்த கழட்டிட்டா இன்னாடி?" கட்டினவர் செத்தால் கழட்டுகிற மெட்டியை, அவர் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது யாராவது கழட்டுவார்களா?

"ஏண்டி, என் வூட்டுக்காரரு உசுரு என்னா என் கால் வெரல்லயா தொங்கிக்கினு இருக்குது?" என்றாய். சொல்லிக்கொண்டே கழட்டியும் விட்டாய். உன்னைப் பார்த்து நானும் கழட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் ஏரிக்கரையில் இரண்டு பேர் மெட்டியும் உன் கைக்குட்டை முடிச்சில்தான் இருந்தது. தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் மறுபடி மாட்டிக்கொள்வோம். திருட்டுச் சரக்கு கடத்துகிறவர்கள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். அடுத்த போட்டியில் ஷூவையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி, நீ முதலாவதாக வந்தாய். மேடையில் கழுத்தில் மெடலோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றவளை நான்தான் உன் போனில் போட்டோ எடுத்தேன்.

அந்தப் போட்டோ என்ன பாடு படுத்தியது தெரியுமா?

நீ விழுந்தது ஓடும்போது இல்லை. இதை நான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரில் யாரும் கேட்பதாயில்லை. மழையென்று பத்து நாளாக நாம் கரைப்பக்கமே போகவில்லை. மழை விட்ட ஒரு காலையில் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தவள் அப்படியே சாய்ந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் நீ இல்லை.

உன் பிள்ளை அழுதுகொண்டே உன் போனில் ஒரு நல்ல போட்டோ தேடினான். நீ சிரித்த மாதிரி இருந்தது அது ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அதையே கொடுத்துவிட்டான், பாவம். தெருமுனையில் எட்டடி உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள். மெடல், சிரிப்பு, முறம் முறமாய் இரண்டு வெறுங்கால். கெடாரிலிருந்து வந்த நம் மாமியாரின் தங்கச்சி, அந்தச் சின்ன அத்தை, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே பேனரின் காலைத்தான் பார்த்தாள்.

"அய்யய்யோ, கால்ல மெட்டி எங்கடி?"

அவ்வளவுதான். நம் அத்தை மாரில் அடித்துக்கொண்டார். "புருசன் இருக்கும்போதே மெட்டியக் கழட்டுனாளே! அது அவளையே தூக்கிக்கினு போயிடுச்சே!" சுற்றி நின்றவர்களும் விடவில்லை. "பேரன் எடுக்குற வயசுல ஓட்டம் இன்னா ஓட்டம்? ஓடி ஓடித்தான் நரம்பு அறுந்துச்சு." நான் உன் தலைமாட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காலில் மெட்டி இருந்தது. நீ மட்டும் குற்றவாளி ஆனாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புது பேனர் கட்டினார்கள். அதே முகம், அதே சிரிப்பு. உடம்பில் பட்டுப்புடவை. மெடலை அழித்துவிட்டு அந்த இடத்தில் தங்க ஆரம். காலில் கம்ப்யூட்டரில் வரைந்த மெட்டி. அதிலும் அந்தக் கடைக்காரன் மெட்டியைக் கட்டைவிரலில் வரைந்து வைத்தான், அக்கா! யாரும் அதைக் கவனிக்கவில்லை, மெட்டி இருந்தால் போதும் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைக் காட்டிச் சிரிக்க நீ பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

"இனிமே இந்த வூட்ல யாரும் ஓட வேணாம்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரரும், "அண்ணனே சொல்லுது, உட்டுடேன் தேவகி. ஊரு பேசுது, பெரிய பேஜாரா இருக்குது" என்றார். விட்டேன். இரண்டு மாதம் விட்டேன். முட்டி பிடித்துக்கொண்டது, தூக்கம் போனது, எரிந்து எரிந்து விழுந்தேன். ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று சுகாதார நிலையத்துக்குப் போனால் எனக்கும் பிரஷர். நர்ஸம்மாவிடம் கேட்டேன், ஓடியதால் வந்ததா என்று.

"யாரும்மா சொன்னது? மாத்திரைய உடாமப் போடு, டாக்டரு பாத்து சரின்னதும் ஓடு. ஓட்டத்த உட்டுட்டு மாத்திரையயும் உட்டாத்தான் ஆபத்து" என்றார்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு அரிசி டின் ஞாபகம் வந்தது. பொய் எதற்கு, அது மறக்கவே இல்லை. ஒரு வருஷமாக நீ மாத்திரை போடவில்லை. வாங்கி வந்த அட்டையெல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. "அதான் ஓடுறேன்ல? மெடலு வாங்குறவளுக்கு என்னாடி பிரஷரு?" என்றாய். நானும் சிரித்தேன். சேர்ந்து சிரித்தேன், அக்கா. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடத் தெரிந்தவளுக்கு ஒரு வில்லையை விழுங்கத் தெரியாதா? அதை உன் வாயில் திணிக்காமல் பல்லைக் காட்டிய என்னை என்ன செய்வது?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டாக்டர் சரி என்றதும் மறுபடி கரையேறினேன். வீட்டின் பின்பக்கமாகப் போய்ப் பின்பக்கமாக வந்தேன், தெரிந்தும் யாரும் கேட்கவில்லை. ஆனால் போட்டிக்குப் போகிற அன்று ஒளிந்து போக எனக்கு மனசு வரவில்லை. காலையில் ஐந்தரை மணிக்கு நடு வீட்டில் உட்கார்ந்து இரண்டு கால் மெட்டியையும் கழட்டி டிவி மேல் வைத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிப்பாவி, என் புள்ள உசுரோட இருக்கான்டி!"

"இருக்காரு அத்தே. தோ, டீ குடிச்சிக்கினு இருக்காரு பாருங்க."

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. சத்தம் கேட்டு உன் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "ஒருத்தி ஓடிச் செத்தது பத்தலயா?" என்றார். எனக்கு அதுவரை இல்லாத தைரியம் எங்கிருந்தோ வந்தது.

"அக்கா ஓடிச் சாவல மாமா. மாத்திர போடாம செத்துச்சு. ஒரு வருசமா போடல. எனக்குத் தெரியும், நான் சொல்லல. தப்பு என்னுது. என்னத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஓட்டத்து மேல போடாதீங்க."

மாமா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "எனக்கும் தெரியும்மா. அரிசி டின்னு பின்னால பாத்தேன். நல்லாத்தான ஓடிக்கினு இருக்கா, அவளுக்கு இன்னான்னு உட்டுட்டேன். ஓட்டத்தச் சொல்லிட்டா, என்னக் கேக்க மாட்டாங்கல்ல?"

ஐந்து மாதமாக ஊர் முழுக்க உன் காலைப் பற்றிப் பேசியது, நாங்கள் இரண்டு பேர் வாய் திறக்காததால். அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, விழுப்புரம் போய் பஸ் மாறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன்.

ஏழு பேர் ஓடினோம். எப்போதும் எனக்கு முன்னால் உன் முதுகு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவேன். இந்தத் தடவை எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் கடைசி. மூன்றாவது சுற்றில் அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. பேனரில் வரைந்த ஆரத்தின் மேல், அந்தக் கட்டைவிரல் மெட்டியின் மேல், உன்மேல், என்மேல். அந்தக் கோபத்தோடு மூன்று பேரைத் தாண்டினேன். நாலாவது வந்தேன். மூன்றாவது வந்தவளுக்கும் எனக்கும் ஒரு கை தூரம்தான்.

மெடல் இல்லை. ஒரு வாழைப்பழமும் ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்த அந்த அம்மாவிடம், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன். "வாங்க, வாங்க, பாக்கலாம்" என்று அவளும் சிரித்தாள். அவளிடமே போனைக் கொடுத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். நம் சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் நானே போட்டேன். கெடார்ச் சின்ன அத்தை விரலால் பெரிசாக்கிச் சிரமப்பட வேண்டாமே என்று, காலை மட்டும் தனியாக இன்னொன்று எடுத்தும் போட்டேன்.

சாயந்திரம் வீடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருந்தார். கருவாட்டுக் குழம்பு வேறு கேட்டார். அத்தை இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசும்போது பேசட்டும். நேற்று மாமா மட்டும் வந்து, "அந்தப் பழைய போட்டோ உங்கிட்ட இருக்காம்மா? மெடலோட இருக்கறது" என்றார். அனுப்பி வைத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

அக்கா, சித்திரை வந்தால் எனக்கு நாற்பத்தெட்டு முடிகிறது. நீ நாற்பத்தொன்பதிலேயே நின்றுவிட்டாய். இந்தப் போட்டிகளில் ஐம்பது ஆகிவிட்டால் வேறு பிரிவு, கோடு போட்டுத் தனியாக நிற்க வைப்பார்கள். நீ கால் வைக்காத இடம் அது. இந்த வயதுக்குப் பிறகு என்ன ஓட்டம் என்று கேட்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், நான் அங்கே போய் நிற்பேன். அந்த ஐம்பதுக்குப் பிறகு ஐம்பத்தைந்து இருக்கிறது, அறுபது இருக்கிறது. எல்லாக் கோட்டிலும் நிற்பேன். உன் ஞாபகத்துக்காக இல்லை, எனக்கு ஓட வேண்டும், அதனால்.

அங்கே நான் நிற்கிற அன்றைக்கு, உன்னைவிட நான் மூத்தவள். அப்போது நீதான் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட வைக்கிறேனா இல்லையா பார்.

அதுவரைக்கும் மட்டும்,
உன் தங்கச்சி
தேவகி